சிவப்பு மணிமாலை: கல்லா, கண்ணாடியா?

கேள்வி: பழைய நகைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு மணிமாலை கிடைத்தது. சூதுபவளம் (கார்னீலியன் என்ற சிவப்புக் கல்) என்கிறார்கள், அணிந்தால் இரத்தப்போக்கு நிற்குமாம். உண்மைக் கல்தானா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: பார்க்கலாம், கீறி மட்டும் பார்த்துவிடாதீர்கள். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். உருண்டையான காற்றுக்குமிழ் தெரிந்தால் கண்ணாடி. மேகம் போலத் திட்டுத்திட்டாக நிறம் இருந்தால் பெரும்பாலும் கல். விரிசல்களில் மட்டும் சிவப்பு அடர்ந்திருந்தால் சாயம் ஏற்றியது. அடுத்து துளை. கையால் துளைத்த மணியில் இரு பக்கமிருந்தும் துளைத்து வருவதால் நடுவில் சிறு படி விழும். ஆனால் இதை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. குஜராத்தின் கம்பாத் கைவினைஞர்களும் அண்மைக் காலம் வரை அப்படித்தான் துளைத்தார்கள்.

சிவப்பு நிறம் கல்லிலுள்ள இரும்பால் வருவது. மண்பானையில் வைத்து மெல்லச் சூடேற்றினால் நிறம் ஆழமாகும்; அவசரப்பட்டால் கல் வெடிக்கும். நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் என்ற பழந்தமிழ் ஊரின் அகழாய்வில் துளையிடாத, பாதியில் நின்ற மணிகளும் கிடைத்திருக்கின்றன. அங்கே பட்டறை நடந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இரத்தப்போக்கு நம்பிக்கை நிறத்தைப் பார்த்துப் பிறந்தது. பண்டை எகிப்தியர் சிவப்புக் கல்லை ஐசிஸ் தேவியின் இரத்தமாகக் கருதி, முடிச்சு வடிவத் தாயத்தாக்கி, பதப்படுத்திய உடலோடு வைத்தார்கள். மருத்துவப் பலன் எதுவுமில்லை. இரத்தம் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

மறுபடி கோக்கும்போது மணிக்கு மணி முடிச்சுப் போடச் சொல்லுங்கள். பழைய துளையின் விளிம்பு நூலை அறுக்கும். முடிச்சு இருந்தால் அறுந்தாலும் ஒரு மணிதான் உருளும்.