சுவரொட்டிகளுக்கென்று ஓர் அருங்காட்சியகம்: கேள்வி பதில்

கேள்வி: சுவரொட்டிகளுக்காகவே அமைந்த முதல் அருங்காட்சியகம் எது?

பதில்: போலந்தின் தலைநகர் வார்சாவில், விலானுஃப் அரண்மனை வளாகத்தில் 1968 ஜூன் 4 அன்று திறக்கப்பட்ட சுவரொட்டி அருங்காட்சியகமே உலகில் முதலாவதாகக் கருதப்படுகிறது. அரண்மனையின் குதிரையேற்றக் கூடம் அதற்காக மாற்றியமைக்கப்பட்டது. வார்சா தேசிய அருங்காட்சியகத்தின் கிளையாக இயங்கும் அங்கு இன்று 50,000க்கும் மேற்பட்ட சுவரொட்டிகள் உள்ளன.

கேள்வி: கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சுச் சுவரொட்டிக்குப் பெயர்பெற்றது பாரிஸ். அப்படியிருக்க, போலந்து முந்திக்கொண்டது எப்படி?

பதில்: பாரிசில் சுவரொட்டி வணிகத்தின் பிள்ளையாக வளர்ந்தது; போருக்குப் பிந்தைய போலந்திலோ அரசே பதிப்பாளர், அரசே திரைப்பட விநியோகஸ்தர். நுழைவுச்சீட்டு விற்க வேண்டிய நெருக்கடி குறைவு என்பதால், நடிகரின் முகத்தைப் பெரிதாகப் போட வேண்டிய கட்டாயமும் ஓவியர்களுக்கு இல்லை. கதையின் சாரத்தை ஒரே குறியீட்டில் அடக்கிவிட முடிந்தது. போலந்து ஓவியர் ஹென்ரிக் தொமஷெவ்ஸ்கி 1948இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டுச் சுவரொட்டிக் கண்காட்சியில் ஐந்து முதற்பரிசுகளைப் பெற்றது இவ்வகைப் படைப்புகளுக்காகத்தான். அக்காலத்தைக் கட்டற்ற சுதந்திரக் காலமாகச் சித்திரிப்பவர்களுடன் நான் உடன்படுவதில்லை. தணிக்கையாளரின் அனுமதியின்றி எதுவும் அச்சேறவில்லை. 1966இல் வார்சாவில் பன்னாட்டுச் சுவரொட்டி ஈராண்டு விழா தொடங்கியது. அங்கு வந்துசேரும் தாள்களுக்கு நிலையான இருப்பிடம் தேவைப்பட்ட நிலையில், அடுத்த இரண்டே ஆண்டுகளில் அருங்காட்சியகம் உருவாயிற்று.

கேள்வி: ஒட்டிய தாளைக் கிழிக்காமல் எடுக்க முடியாதே! பழைய சுவரொட்டிகள் எப்படிக் கிடைத்தன?

பதில்: காட்சிக்கு வருபவற்றில் பெரும்பாலானவை ஒருபோதும் சுவரைத் தொடாதவை. அச்சகத்தில் மிஞ்சியவை, ஓவியர்கள் வைத்திருந்தவை, விழாவுக்கு அனுப்பப்பட்டவை என்று அவை சேர்ந்தன. 1890களின் பாரிசிலோ ஜூல் ஷெரே, துலூஸ் லோத்ரெக் ஆகிய ஓவியர்களின் தாள்களுக்காகச் சுவரொட்டி ஒட்டுபவர்களுக்குக் கையூட்டுக் கொடுத்தவர்களும், பசை காய்வதற்குள் இரவில் உரித்தெடுத்தவர்களும் உண்டு.

கேள்வி: தனிநபர் சேகரிப்புகளில் குறிப்பிடத்தக்கது எது?

பதில்: பெர்லின் பல் மருத்துவர் ஹான்ஸ் சாக்ஸ் சேர்த்தது. யூதரான அவரிடமிருந்து ஏறத்தாழ 12,500 சுவரொட்டிகளை 1938இல் நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போ பறித்துச் சென்றது. அவற்றுள் எஞ்சிய சில ஆயிரம் பெர்லின் அருங்காட்சியகம் ஒன்றில் கிடைத்தன. நீண்ட வழக்குக்குப் பின், 2012இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் அவற்றைச் சாக்ஸின் மகனிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. எனவே ஒரு சுவரொட்டி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவும் அருங்காட்சியக வேலையில் முக்கியமானது.

கேள்வி: காட்சிக்கூடங்கள் ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கின்றன?

பதில்: சுவரொட்டித் தாள் சில வாரங்கள் நின்றால் போதும் என்ற எண்ணத்தில் வாங்கப்படுவது. மலிவான மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும் அதைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். மையின் நிறமும் வெளிறும். ஆகவே ஒளி பொதுவாக 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒளிச்செறிவின் அலகு) என்ற குறைந்த அளவில் நிறுத்தப்படுகிறது, தாள்களும் சில மாதங்களுக்கொருமுறை மாற்றப்படுகின்றன. கிழிசலுக்குப் பின்புறம் ஜப்பானியத் தாளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டுவார்கள். ஈரம் காட்டினால் அது மீண்டும் பிரிந்துவரும்.

கேள்வி: வேறு நகரங்களில் இத்தகைய அருங்காட்சியகங்கள் உண்டா?

பதில்: உண்டு. பாரிசில் 1978இலும் நியூயார்க்கில் 2019இலும் திறந்தார்கள்.

கேள்வி: போலந்துச் சுவரொட்டிகளில் ஒன்றைச் சுட்டிக்காட்டுங்களேன்.

பதில்: 1989 தேர்தலுக்காகத் தோமாஷ் சார்னெட்ஸ்கி உருவாக்கியது. ‘ஹை நூன்’ என்ற அமெரிக்க கௌபாய் படத்தின் காவல் அதிகாரியாக நடிகர் கேரி கூப்பர் நேரே நம்மை நோக்கி நடந்து வருகிறார். வலக்கையில் துப்பாக்கிக்குப் பதிலாக வாக்குச்சீட்டு, நெஞ்சில் காவல் அதிகாரியின் நட்சத்திரத்துக்கு மேலே கம்யூனிச அரசை எதிர்த்த ‘சொலிடாரிட்டி’ தொழிற்சங்க இயக்கத்தின் சின்னம், பின்னால் சிவப்பு எழுத்தில் அதே பெயர். வாக்களிக்கும் நாள் கீழே அச்சாகியிருக்கிறது: ஜூன் 4. அருங்காட்சியகம் திறந்து சரியாக 21 ஆண்டுகள்.