மைதானத்தில் தேங்கும் மழைநீர்

கேள்வி: உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடக்கிற தேசிய அரங்குகளில் அடைமழை விட்ட கையோடு பந்து உருளுது. எங்கட திடலில் மார்கழி மழைத் தண்ணீர் நாட்கணக்கில் நிற்குதே, ஏன்?
வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அங்கே புல்லுக்குக் கீழே சுமார் 30 செ.மீ. மணல், அடுத்து 10 செ.மீ. சல்லி, அதற்கும் கீழே துளையிட்ட குழாய்கள். இங்கே பள்ளம் விழுந்தால் கிரவல் கொட்டி உருளை ஓட்டுவார்கள். இறுகிப்போன அந்தப் படைதான் தண்ணீரை மறிக்கிறது. கோல் கம்பத்தடி இன்னும் மோசம். மழை ஓய்ந்ததும் அந்த இடத்தில் சாண் இடைவெளிக்கு ஒன்றாக, இறுகிய படை துளைபடும்வரை அலவாங்கால் குத்தி, மகாவலி ஆற்று மணலை நிரப்புங்கள். கடற்கரை மணல் கிட்டத்தான் இருக்கிறது, ஆனால் அதன் உப்பு புல்லைக் கருக்கிவிடும். 68 மீற்றர் அகலத் திடலில் நடுவை ஓரத்தைவிட 34 செ.மீ. உயர்த்தினால் நூற்றுக்கு ஒன்று சரிவு வரும். ஓரத்தில் வாய்க்கால் வெட்டாவிட்டால் அதுவும் வீண்.