மொட்டை மாடியில் நாலு மேசை போட்டால் போதுமா?

கேள்வி: கொழும்பு மரைன் டிரைவில் உணவகம் நடத்துகிறோம். கீழ்த்தளத்தில் மது பரிமாற அனுமதிப்பத்திரம் இருக்கிறது. மொட்டை மாடியிலும் மேசை போட யோசிக்கிறோம். ஒரே கட்டடம்தானே, இதற்கும் விண்ணப்பிக்க வேண்டுமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: கட்டாயம் வேண்டும். முகவரி ஒன்றாக இருந்தாலும், மதுவரித் திணைக்களம் ஏற்றுக்கொண்ட வரைபடத்தில் எந்தப் பகுதி காட்டப்பட்டிருக்கிறதோ அங்கே மட்டும்தான் அனுமதிப்பத்திரம் செல்லும். அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு பியர் விற்றாலும், அனுமதியில்லாத இடத்தில் விற்றதாகவே மதுவரி அதிகாரி எழுதுவார். மேல் மாடி மாட்டினால் கீழ்த்தள அனுமதியும் சேர்ந்தே ஆட்டம் காணும்.

பலரும் முதலில் ராஜகிரியவில் உள்ள மதுவரித் தலைமையகத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே கடைசியாகப் போவதுதான் புத்தி. மாநகர சபையில் இருக்கும் உங்கள் கட்டட வரைபடத்தில் அந்த மாடி வெறும் கூரையாக இருந்தால், முதலில் அதன் பயன்பாட்டை மாற்ற அனுமதி எடுங்கள். தகரக் கொட்டகை, மரத் தளம், குளியலறை எதைச் சேர்த்தாலும் வரைபடத்தில் வர வேண்டும். வேலை முடிந்ததும், அனுமதித்த வரைபடப்படியே கட்டியிருக்கிறீர்கள் என்பதற்கான இணக்கச் சான்றிதழ். மரைன் டிரைவ் கடற்கரையோரம் என்பதால் இன்னொரு படியும் உண்டு: உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீட்டர் வரை கரையோர வலயம். அதற்குள் புதிதாகக் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். தீயணைப்புப் பிரிவினர் பார்ப்பது மாடிப்படியைத்தான். ஏறி இறங்க ஒரே ஒடுக்கமான படி என்றால் அங்கேயே சிக்கும்.

இவை கையில் வந்த பிறகு, மதுவரி ஆணையாளர் நாயகத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஒரு பிரதியை உங்கள் பகுதி மதுவரி நிலையத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். தற்போதைய அனுமதிப்பத்திரப் பிரதி, குத்தகை ஒப்பந்தம், பழைய வரைபடம், புதிய வரைபடம் நான்கும் கூட வேண்டும். புதிய வரைபடத்தில் ஏற்கெனவே அனுமதி உள்ள பகுதியை ஒரு நிறத்திலும், கேட்கும் பகுதியை வேறு நிறத்திலும் கோடிடச் சொல்லுங்கள். பார் கவுன்டர், சரக்கு அறை, வாசல்கள், கழிப்பறை, மேசை கதிரை எல்லாம் தெரிய வேண்டும். கீழேயிருந்து போத்தல் எந்த வழியாக மேலே போகிறது என்பதையும் காட்டுங்கள். அந்தப் படி வேறு குடியிருப்பாளர்களும் பாவிக்கும் பொதுப் படியாக இருந்தால் கேள்வி வரும்.

பெரும்பாலும் கோப்பு திரும்பி வருவது சின்ன விஷயங்களுக்குத்தான். மாநகர சபை வரைபடத்தில் 55.7 சதுர மீட்டர், மதுவரி வரைபடத்தில் 600 சதுர அடி. இரண்டும் ஒன்றுதான், ஆனாலும் மேசையில் இருப்பவர் கணக்குப் போட மாட்டார். ஒரே அலகில் எழுதுங்கள். குத்தகையில் ‘கீழ்த்தளம்’ என்று மட்டும் இருக்கும். மாடிக்கு உரிமையாளரின் கையொப்பம் தனியாக வேண்டும்.

திறந்த மாடியில் பாட்டுப் போடும் எண்ணம் இருந்தால், மாநகர சபை எல்லைக்குள் மாலை 6 மணிக்குப் பிறகு சத்த வரம்பு 50 டெசிபல் என்பதை நினைவில் வையுங்கள். சாதாரணப் பேச்சே அதை எட்டிவிடும். அயலவரின் முறைப்பாடு முதலில் வருவது இதில்தான்.

விண்ணப்பம் போட்டாயிற்று என்பதற்காகப் பரிமாறத் தொடங்காதீர்கள். எழுத்தில் அனுமதி வரும் வரை மேலே சாப்பாடும் சோடாவும் மட்டும்.

கேள்வி: எங்கள் கடை அடுக்குமாடியின் தரைத்தளத்தில். முன்னால் இருக்கும் முற்றத்தையும் சேர்க்கலாமா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: முற்றம் உங்களுடையதா என்று முதலில் கூட்டு ஆதன வரைபடத்தை, அதாவது அடுக்குமாடியில் எது யாருக்கு, எது பொது என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். பொதுப் பகுதி என்றிருந்தால், அடுக்குமாடி உரிமையாளர்களின் அமைப்பான முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அசைய முடியாது. தலைவர் வாயால் ‘சரி’ சொன்னது போதாது. நடைபாதையோ வீதி ஒதுக்கமோ என்றால் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

கேள்வி: மண்டபத்தில் ஒரு பக்கத்தைத் தடுத்துக் குடும்பங்களுக்கு ஒதுக்க நினைக்கிறேன். இடம் குறைகிறதே தவிரக் கூடவில்லை. இதற்கும் அனுமதியா? அங்கே புகைக்கவும் இடம் ஒதுக்கலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: குறைத்தாலும் மாற்றம் மாற்றம்தான். பரிசோதனைக்கு வருபவர் வரைபடத்தில் இல்லாத சுவரைக் கண்டால் அதையே குறையாக எழுதுவார். சரக்கு அறை இடம் மாறினால் இன்னும் கவனம். அனுமதித்த இடத்துக்கு வெளியே வைத்த போத்தல்களுக்குப் பதில் சொல்வது கஷ்டம். தடுப்பை அமைக்குமுன் வரைபடத்தைத் திருத்தி அனுமதி வாங்குங்கள். மது விற்கும் வயதெல்லை 21 என்பது எந்தப் பக்கத்திலும் மாறாது.

புகைத்தலுக்கு 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தனி. குறைந்தது 30 பேர் அமரக்கூடிய உணவகத்தில்தான், போதிய காற்றோட்டத்துடன் தனிப் பகுதி ஒதுக்கலாம். குடும்பப் பகுதிக்குள் அதை வைக்கும் யோசனை வேண்டாம்.

நேரத்தையும் பாருங்கள். அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 உடன் முடிகிறது. ஆண்டுக் கடைசியில் புதுப்பித்தல் கோப்புகள் குவிந்து கிடக்கும்போது திருத்திய வரைபடத்தை அதற்குள் செருகிவிட்டால் புதுப்பித்தலும் தாமதமாகும். பழைய வரைபடத்திலேயே புதுப்பித்துவிட்டு, மாற்றத்தைத் தனி விண்ணப்பமாக ஆண்டு நடுவில் கொடுங்கள்.