வடமோடியும் தென்மோடியும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பது ஏன்?

"மட்டக்களப்புக் கூத்துப் பாட்டு நாலைந்து ஒலிப்பதிவில் கேட்டேன். எது வடமோடி, எது தென்மோடி என்று பிரிக்க முடியவில்லை. இந்தப் பிரிவே படித்தவர்கள் கட்டிவிட்டதா? எல்லாவற்றையும் எழுதிப் பதிந்து வைத்தால் அழியாதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒலிப்பதிவில் மட்டும் கேட்டால் அப்படித்தான் தோன்றும். மோடி என்றால் பாணி; வடமோடி, தென்மோடி இரண்டும் இலங்கையின் மட்டக்களப்புக் கூத்தின் இரண்டு ஆட்டப் பாணிகள். அந்த மோடியில் பாதிக்கு மேல் காலில் இருக்கிறது.

வடமோடி பாரதக்கதை, போரில் முடியும். தென்மோடி காதல், கலியாணம் என்பது பரீட்சைக்குப் போதும். கூத்தாடும் வட்டமான இடமாகிய களரியில் வரவாட்டத்தைத்தான், அதாவது பாத்திரம் முதன்முதல் உள்ளே வந்து ஆடும் ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். வடமோடி அரசனுக்குக் கரப்புடுப்பு. கரப்பு என்கிற கூடையைக் கவிழ்த்துக் கட்டியதுபோல இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும், தலையில் பாரமான கிரீடம். அந்தப் பாரத்தோடு வீச்சாகச் சுழன்று ஆட வேண்டும். தென்மோடியில் உடுப்பு இலேசு, கால் வேலை நுணுக்கம், இராகத்தை இழுத்துப் பாட இடமிருக்கும். விதிவிலக்கே இல்லையா என்று சண்டைக்கு வராதீர்கள். ஊருக்கு ஊர் மாறும், கூத்தைப் பழக்குகிற ஆசானான அண்ணாவியாருக்கு அண்ணாவியார் மாறும்.

எழுதி வைப்பது பற்றி. கூத்தை எழுதி வைக்கிற கொப்பியில் பாட்டு இருக்கும், காலடி இருக்காது. நல்ல நாள் பார்த்துச் சட்டம் கொடுத்து, அதாவது இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று பிரித்தபின், மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்குவார்கள். அண்ணாவியார் தாளக்கட்டை, அதாவது ஆட்டத்துக்குரிய தாளச் சொற்களை, முதலில் வாயால் சொல்லுவார், பிறகு அதையே மத்தளத்தில் வாசிப்பார். கால் அதற்குப் பதில் சொல்லாவிட்டால் திரும்ப முதலிலிருந்து. கால் சரிவந்த பிறகுதான் சதங்கை, அதன்பின் அடுக்குப் பார்த்தல் என்கிற ஒத்திகை, கடைசியில் அரங்கேற்றம். இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டினாலும் ஆட்டம் வெறும் நடையாகிவிடும். எழுத்து மட்டும் போதாது என்பதற்குப் பழைய நரம்பு வாத்தியமான யாழே சாட்சி. சிலப்பதிகாரத்தில் யாழைப் பற்றி அவ்வளவு எழுதியிருந்தும், வாசித்த கை வழிவழியாக வராததால், காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் சுருதிக் கணக்குப் போட்டு அதை மீட்டெடுக்க வேண்டியிருந்தது. 1947இல்தான் யாழ் நூல் வெளிவந்தது.

சரி, ஏன் இப்போது இரண்டும் ஒன்றுபோலக் கேட்கின்றன? 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வித்தியானந்தன் 'கர்ணன் போர்' கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். அந்த முயற்சி இல்லாவிட்டால் நகரத்தார் கூத்தைத் திரும்பியும் பார்த்திருக்கமாட்டார்கள். அவரைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் விடியவிடிய ஆடுவதை ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் சுருக்குகிறவர்கள் முதலில் கைவைப்பது வரவாட்டத்தில். கதை நகராத இடம் என்று வெட்டுகிறார்கள், மோடி துலங்குகிற இடமும் அதுதான். வட்டக்களரியில் அண்ணாவியார் நடுவில் நிற்பார், ஆடுகிறவர் அவரைச் சுற்றி ஆடுவார். மேடையில் மத்தளம் ஓரத்துக்குப் போகிறது, ஆடுகிறவர் சபையைப் பார்க்கிறார், அண்ணாவியாரின் கை கண்ணில் படாது. கால் பிந்தும். அதை மறைக்க அடியைக் குறைப்பார்கள். மிஞ்சுவது பாட்டு. அதைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரிவு என்றதும் எல்லாரும் இந்த இரண்டு மோடியோடு நிறுத்திவிடுகிறார்கள். பறைமேளக் கூத்தும் இதே மண்ணின் கூத்துத்தான். அதைப் பட்டியலின் அடியில் போடுவதற்கு இசை இலக்கணம் காரணமில்லை, பறையை அடிக்கிறவர் யார் என்பதுதான் காரணம். சாதி பேசுகிறேன் என்று பின்னூட்டம் வரும், வரட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது: களரியில் எடுத்த காணொளி இரண்டு மோடியிலும் ஒவ்வொன்று தேடி, சத்தத்தை நிறுத்திவிட்டு, அரசன் களரிக்குள் வருகிற முதல் பத்து நிமிடம் காலை மட்டும் பாருங்கள். முழு ஆளும் தெரிகிற காணொளி கிடைப்பதுதான் கஷ்டம். படம் பிடிக்கிறவர்கள் முகத்தைத்தான் பிடிக்கிறார்கள்.