‘சி’ என்றால் சர்க்கிளா, காப்பியா? ஆட்டோகேட் ஷார்ட்கட் கேள்வி பதில்

கேள்வி: ஆட்டோகேட் வரைபட மென்பொருளில் காப்பி (நகலெடுக்கும்) கமாண்டுக்கு ‘சிஓ’ அடித்து அலுத்துவிட்டது. வெறும் ‘சி’ என்று மாற்ற முடியுமா?

பதில்: முடியும். மேனேஜ் டேபில் ‘எடிட் ஏலியாசஸ்’ இருக்கிறது; ஏலியாஸ் என்றால் கமாண்டின் சுருக்கெழுத்து. அழுத்தினால் இந்தச் சுருக்கெழுத்துகள் உள்ள பிஜிபி கோப்பு நோட்பேடில் திறக்கும். முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஒரு வரிக்கு ஒரு ஏலியாஸ்: சுருக்கெழுத்து, காற்புள்ளி, நட்சத்திரக்குறி, அதை ஒட்டி கமாண்டின் முழுப்பெயர். மேலே உள்ள பழைய வரிகளைத் தொடாமல், உங்கள் வரியைக் கோப்பின் அடியில் சேருங்கள். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் வந்தால் கடைசியில் இருப்பதுதான் செல்லும். வேண்டாம் என்றால் அந்த வரியை அழித்தால் போதும், பழையபடி ஆகிவிடும்.

ஆனால் ‘சி’யை நான் மாற்றமாட்டேன். ‘சிசி’ என்று வையுங்கள். ‘சி’ ஏற்கெனவே வட்டம் போடும் சர்க்கிளுக்கு உரியது, அது அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: ‘சி’ காப்பியாகிவிட்டால் லைன் போடும்போது க்ளோஸ் செய்ய என்ன அடிப்பது?

பதில்: அதே ‘சி’தான். கமாண்டுக்குள் நுழைந்த பிறகு அடிப்பது அதன் ஆப்ஷன். ஏலியாஸ் அங்கே தலையிடாது.

கேள்வி: பிஜிபியில் மாற்றி சேவ் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பதில்: ‘ரீஇனிட்’ என்ற கமாண்டை அடித்து, பிஜிபி கட்டத்தில் டிக் போட்டு ஓகே கொடுங்கள். இல்லையென்றால் மென்பொருளை மூடித் திறந்த பிறகுதான் புது வரி தெரியும்.

கேள்வி: வரைந்தது முழுவதையும் திரையில் காட்டும் ஜூம் எக்ஸ்டென்ட்ஸுக்கு ஒரு ஏலியாஸ் எழுதித் தாருங்கள்.

பதில்: பிஜிபி கமாண்டின் பெயரை மட்டுமே சுருக்கும், ஆப்ஷனைச் சேர்த்து அனுப்பாது. அதற்கு இரண்டு வரி லிஸ்ப் (ஆட்டோகேட்டுக்குள் ஓடும் நிரல்) எழுதி, ‘ஆப்லோடு’ பெட்டியின் ஸ்டார்ட்அப் சூட்டில் சேர்க்க வேண்டும். இதற்கே லிஸ்ப் எதற்கு? மவுஸ் சக்கரத்தை இருமுறை தட்டினாலே எக்ஸ்டென்ட்ஸ் வந்துவிடும்.

கேள்வி: எஸ்கேப் அடிக்கப் போனால் விரல் எஃப்1-இல் பட்டு ஹெல்ப் திறக்கிறது.

பதில்: நான் ஒரு காலத்தில் அந்தக் கட்டையையே நெம்பிக் கழற்றி வைத்திருந்தவன்! மெனு, ஷார்ட்கட்களை மாற்றும் சியுஐ பெட்டியைத் திறந்து புது கமாண்ட் ஒன்று உருவாக்குங்கள். மேக்ரோவில் கேன்சலுக்கான கேரட்–சி, கேரட்–சி (^C^C) மட்டும் இருக்கட்டும். அதை ஷார்ட்கட் கீஸ் பகுதிக்கு இழுத்துப்போட்டு எஃப்1-ஐக் கொடுங்கள். எஃப்1-உம் எஸ்கேப் போலவே நடந்துகொள்ளும்.

கேள்வி: ஸ்கெட்ச்அப் என்ற 3டி மென்பொருளில் ஷார்ட்கட் மாற்றுவது எப்படி?

பதில்: பிரிஃபரன்சஸில் ஷார்ட்கட்ஸ். அதற்கு மேல் அதைப் புழங்குபவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: டிஃபால்ட்டைத் தொடச் சொல்வதே தவறு. அடுத்தவர் மிஷினில் உட்கார்ந்தால் கை கட்டிப்போட்டது போலாகிவிடும்.

பதில்: பாதி சரி. அதனால்தான் ‘சி’யைத் தொடாதீர்கள் என்றேன். ஆனால் கீபோர்டைப் பாருங்கள். வலது கை மவுஸில் இருக்கிறது. லைனுக்கு ‘எல்’, மூவுக்கு ‘எம்’, ஆஃப்செட்டுக்கு ‘ஓ’, எல்லாமே வலது பக்கம். ஒவ்வொரு முறையும் இடது கை குறுக்கே போக வேண்டும், அல்லது மவுஸை விட வேண்டும். இடது பக்கத்திலோ ‘ஆர்’ திரையைப் புதுப்பிக்கும் ரீடிராவுக்கும் ‘வி’ வியூ பெட்டிக்கும் சும்மா கிடக்கின்றன. நான் ஆஃப்செட்டை ‘ஆர்’ ஆக்கினேன், மூவை ‘வி’ ஆக்கினேன். ‘ஓ’வும் ‘எம்’மும் அப்படியே இருப்பதால் வேறு மிஷினிலும் திணறவில்லை.

கேள்வி: அப்படியென்றால் எல்லாவற்றையும் இடது பக்கம் கொண்டுவரலாமே?

பதில்: ஒரே நாளில் முப்பது ஏலியாஸை மாற்றிய ஒருவர், ஒரு வாரம் எதற்கெடுத்தாலும் யு அடித்து அன்டூ செய்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு மாற்றுங்கள், போதும். சும்மா கிடக்கும் எழுத்தை எடுங்கள், கை பழகியதைப் பிடுங்காதீர்கள். நகல் எடுத்தீர்களா?

கேள்வி: மாற்றியது வேலை செய்யவில்லையே?

பதில்: ரீஇனிட். மேலே படியுங்கள்.

கேள்வி: எனக்கும் வேலை செய்யவில்லை. ரீஇனிட்டும் செய்துவிட்டேன்.

பதில்: கோப்பை ஃபோல்டரில் தேடிப் பிடித்துத் திறந்திருப்பீர்கள். பழைய வெர்ஷனின் பிஜிபி தனி ஃபோல்டரில் இருக்கும், அதில் என்ன எழுதினாலும் புதியது படிக்காது. அல்லது சேவ் ஆஸ் போட்டதில் பெயரின் வாலில் டிஎக்ஸ்டி ஒட்டியிருக்கும். மேனேஜ் டேப் வழியாகத் திறந்து பாருங்கள், உங்கள் வரி அதில் இருக்காது.