சட்டத்திலேயே இருந்த வாசல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏகபோகத்தைத் தடுக்கச் சட்டம் உள்ள நாடுகளிலும் பல செய்தித்தாள்கள் ஒரே முதலாளியின் கைக்குப் போவதை அரசுகள் ஏன் பார்த்துக்கொண்டிருக்கின்றன? கையூட்டுதான் காரணமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கையூட்டு என்று சொல்லிவிட்டால் கேள்வி அத்தோடு முடிந்துவிடும். பெரும்பாலான நேரங்களில் சட்டத்தை மீறவேண்டிய தேவையே எழுவதில்லை என்பதுதான் என் எண்ணம்.

1981இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த பத்திரிகை முதலாளி ரூபர்ட் முர்டாக் லண்டனின் தி டைம்ஸ், சண்டே டைம்ஸ் இதழ்களை வாங்கியதை எடுத்துக்கொள்ளுங்கள். தி சன், நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட் இரண்டும் ஏற்கெனவே அவரிடம் இருந்தன. அவ்வளவு பெரிய விற்பனையுள்ள இதழ்களின் உரிமையாளர் இன்னோர் இதழை வாங்குவதானால் ஏகபோக ஆணையம் விசாரித்து அறிக்கை தரவேண்டும், அதன் பிறகே அமைச்சர் ஒப்புதல் அளிக்கலாம் என்பது பிரிட்டனின் 1973ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் இதழ் நட்டத்தில் தள்ளாடுகிறது, காலமும் இல்லை என்று அமைச்சர் கருதினால் விசாரணையின்றியே ஒப்புதல் தரலாம் என்ற விலக்கும் அதே சட்டத்தில் இருந்தது. அந்த அவசரத்தை உண்டாக்கியவர்கள் விற்பவர்களே; மார்ச் மாதத்துக்குள் விலைபோகாவிட்டால் இழுத்து மூடிவிடுவோம் என்று அப்போதைய உரிமையாளரான தாம்சன் நிறுவனம் அறிவித்திருந்தது. தொழில் தகராறால் 1978-79இல் ஏறத்தாழ ஓராண்டு அச்சேறாமல் கிடந்த இதழ் அது என்பதால், அதை வெற்று மிரட்டல் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. சண்டே டைம்ஸ் உண்மையில் நலிந்த இதழ்தானா என்று அதன் பத்திரிகையாளர்களே கேட்டார்கள். வணிக அமைச்சர் ஜான் பிஃபன் விலக்கைப் பயன்படுத்தி ஒப்புதல் தந்தார்.

அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜனவரி 4 ஞாயிறன்று, பிரதமரின் செக்கர்ஸ் மாளிகையில் முர்டாக் மதிய உணவுக்கு வந்திருந்தார். மார்கரெட் தாட்சரின் செய்திச் செயலர் பெர்னார்ட் இங்கம் எழுதிவைத்த குறிப்பு 31 ஆண்டுகள் கழித்து, 2012இல்தான் வெளிவந்தது. முயற்சி வெற்றிபெற வாழ்த்தியதைத் தவிரப் பிரதமர் வேறெதுவும் சொல்லவில்லை என்கிறது அது. அதை நம்பலாம் என்றே நினைக்கிறேன். 1979 தேர்தலில் தி சன் தாட்சரின் பக்கம் நின்றது என்பது மேசையில் இருந்த இருவருக்கும் தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்வானேன்?

சொல்லவேண்டி வந்த சந்தர்ப்பமும் உண்டு. 1997இல் ஓர் இரவு விருந்தில், ஐரோப்பா குறித்த கொள்கையை மாற்றாவிட்டால் தம் இதழ்கள் ஆதரிக்க இயலாது என்று முர்டாக் தன்னிடம் கூறியதாக, அப்போது பிரதமராக இருந்த ஜான் மேஜர், பிரிட்டன் பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவ்சன் விசாரணையில் 2012இல் சாட்சியம் அளித்தார். எந்தப் பிரதமரிடமும் எதையும் கேட்டதில்லை என்று முர்டாக் அதே விசாரணையில் சொல்லியிருந்தார்.

இப்படிப்பட்ட விற்பனையை ஆணையத்துக்கு அனுப்பினால் அமைச்சருக்குக் கிடைக்கக்கூடியவை மூடப்பட்ட ஓர் இதழ், வேலையிழந்த தொழிலாளர்கள், பகைத்துக்கொண்ட முதலாளி. அனுப்பாவிட்டால் இழப்பு வாசகருக்கு, அதுவும் உடனே கண்ணில் படாத இழப்பு. இந்தியாவில் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனக் கையகப்படுத்தல்களுக்கே போட்டி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். நமது 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் சந்தையில் ஆதிக்கம் பெற்றிருப்பது குற்றமன்று, அந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதே குற்றம்.

பிஃபன் வெறுங்கையோடு ஒப்புதல் தந்துவிடவில்லை; ஆசிரியர்களின் சுதந்திரத்தைக் காக்கும் நிபந்தனைகளை முர்டாக் ஏற்றுக் கையெழுத்திட்டார். டைம்ஸ் ஆசிரியராக அமர்த்தப்பட்ட ஹெரால்ட் எவன்ஸ் 1982 மார்ச்சில், ஓராண்டு அளவிலேயே, பதவி விலக நேர்ந்தது. நிபந்தனை மீறப்பட்டதாக அரசு எந்த வழக்கும் தொடரவில்லை.