நெட் அறுந்தாலும் வேலை ஓட வேண்டும்

கேள்வி: வீட்டிலிருந்தபடி சென்னையில் இருக்கும் உபுண்டு (லினக்ஸ் வகை) சர்வரில், தூரத்து மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக வேலை பார்க்கிறேன். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் நெட் அடிக்கடி அறுந்து, ஓடிக்கொண்டிருந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. இணைப்பு போனாலும் வேலையை ஓடவிடும் டீமக்ஸைத் தொடங்க மறந்துவிடுவதால், ‘டீமக்ஸுக்குள் இல்லையென்றால் எக்ஸெக் டீமக்ஸ்’ என்ற வரியை லேப்டாப், சர்வர் இரண்டிலும், கட்டளைத் திரை திறக்கும்போது தானாக ஓடும் பாஷ்ஆர்சி பைலின் தலையில் போட்டேன். இப்போது திரையின் அடியில் டீமக்ஸின் பச்சைப் பட்டை இரண்டு தெரிகிறது. எஸ்எஸ்ஹெச் வழியே பைல் அனுப்பும் எஸ்சிபியில் பைல் போகவில்லை. மறுபடி உள்ளே வந்தால் வெறும் திரைதான் வருகிறது. என்ன செய்ய?
ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, நீங்கள் நினைத்தது நல்ல யோசனை. வரியைப் போட்ட இடமும் விதமும்தான் படுத்துகின்றன.

முதலில் லேப்டாப்பில் இருக்கும் வரியை எடுத்துவிடுங்கள். உங்கள் ஊரில் நெட் போகும்போது பிழைத்திருக்க வேண்டியது சென்னையில் ஓடும் வேலை. அதைக் காப்பாற்றுவது சர்வரில் இருக்கும் டீமக்ஸ் மட்டுமே. இரண்டு பட்டைகள் வந்ததும் இதனால்தான். உங்கள் வரி ‘டீமக்ஸ்’ என்ற மாறியில் (டீமக்ஸ் தனக்குள் ஓடுபவற்றுக்கு வைக்கும் அடையாளக் குறிப்பு) ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறது. எஸ்எஸ்ஹெச் அந்த மாறியைச் சர்வர்வரை கொண்டுபோவதில்லை. அதனால் சர்வர் தன் பங்குக்கு இன்னொன்றைத் தொடங்கிவிடுகிறது.

எஸ்சிபி விஷயம்: அது உள்ளே வரும்போதும் பாஷ்ஆர்சி படிக்கப்படுகிறது. அங்கே டெர்மினல் (கட்டளை தட்டும் திரை) கிடையாது, டீமக்ஸ் தொடங்க முடியாமல் செத்துப்போகிறது, கூடவே இணைப்பும் போகிறது. உபுண்டுவின் பாஷ்ஆர்சியில், ஆள் உட்கார்ந்து தட்டும் ஷெல்லாக (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) இல்லாவிட்டால் அத்தோடு திரும்பிப்போகச் சொல்லும் சில வரிகள் ஆரம்பத்திலேயே உண்டு. உங்கள் வரியைப் பைலின் கடைசிக்கு நகர்த்துங்கள், போதும்.

அப்புறம் அந்த எக்ஸெக். அதை எடுத்தே ஆக வேண்டும். அது ஷெல்லை அகற்றிவிட்டு அதன் இடத்தில் டீமக்ஸை வைக்கிறது. என்றாவது டீமக்ஸ் தொடங்க மறுத்தால், நுழைந்த வேகத்தில் வெளியே தள்ளிவிடும். சென்னையில் இருக்கும் மெஷினை தங்கச்சிமடத்திலிருந்து போய்த் தட்டவா முடியும்? எக்ஸெக் இல்லாவிட்டால் சாதாரண ஷெல்லாவது கையில் நிற்கும். கிளம்பும்போது எக்ஸிட்டை ஒரு முறை கூடுதலாக அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெறும் திரை வருவது ஏனென்றால், வெறும் ‘டீமக்ஸ்’ என்ற கட்டளை ஒவ்வொரு முறையும் புது செஷன் (தனி வேலைத் திரை) திறக்கிறது. பழைய வேலை தொலையவில்லை. ‘டீமக்ஸ் எல்எஸ்’ அடித்தால் எல்லாம் வரிசையாகத் தெரியும். இனி உங்கள் வரியில் டீமக்ஸின் ‘நியூ-செஷன்’ கட்டளையோடு பெரிய எழுத்து ‘ஏ’ ஆப்ஷனும், சின்ன எழுத்து ‘எஸ்’ போட்டு ஒரு பெயரும் கொடுங்கள். அந்தப் பெயரில் செஷன் இருந்தால் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் புதிதாகத் திறக்கும். இரண்டு ஜன்னலில் உள்ளே வந்தால் இரண்டிலும் ஒரே திரை தெரியும், பயப்பட வேண்டாம்.

மாற்றும்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாதீர்கள். இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள். ஒரு சின்ன பைலை எஸ்சிபியில் அனுப்பியும் பாருங்கள். இரண்டும் சரியாக நடந்த பிறகு பழைய இணைப்பை விடலாம். ஒன்று மட்டும்: சர்வரையே ரீஸ்டார்ட் செய்தால் செஷன்கள் எல்லாம் போய்விடும். அது எப்போது நடக்கும் என்று அட்மினிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.